தூரத்துக்கும் விலை உண்டு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர் வட்டம் இருக்கிறது. பொள்ளாச்சியை ஒட்டிய பகுதி இது. இங்கே தமிழ் பேசும் குடும்பங்கள் ஏராளம். எங்கள் எழுத்தறிவு வகுப்பு இங்கேதான் நடக்கிறது. மாலை 7 மணிக்குத் தொடங்கும். சமையல் வேலையை முடித்துவிட்டு எல்லோரும் வருவார்கள்.

வகுப்புக்கு வரும் ஒரு அக்கா அரிசி ஆலையில் வேலை செய்கிறார். அவர் கணவர் சந்தையில் மூட்டை தூக்குகிறார். ஒரே மகள். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். இருபது ஆண்டுகளாக வாடகை வீடு.

ஒரு நாள் அக்கா ஒரு துண்டுக் காகிதத்துடன் வந்தார். முகத்தில் சந்தோஷம்.

"டீச்சர், மனை வாங்கப் போறோம். இதை நானே படிச்சிட்டேன். சரியாப் படிச்சிருக்கேனான்னு பாருங்க" என்றார்.

தரகர் எழுதிக் கொடுத்த காகிதம் அது. அதில் இரண்டு மனைகள் இருந்தன.

முதல் மனை எங்கள் ஊரிலேயே இருக்கிறது. 3 சென்ட். விலை 3 லட்சம் ரூபாய்.

இரண்டாவது மனை 12 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதுவும் 3 சென்ட். விலை 1 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய்.

"எதை வாங்கப் போறீங்க, அக்கா?" என்று கேட்டேன்.

"இதில் என்ன கேள்வி? பாதி விலைக்குக் கிடைக்குதே. எங்க கையில இருக்கிறதும் ஒன்றரை லட்சம்தான்."

"வாங்குங்க. அதுக்கு முன்னாடி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா?" என்றேன்.

அன்றைய பாடம் அந்தக் கணக்குதான். நீங்களும் எங்களுடன் சேர்ந்து போடுங்கள்.

பஸ் கணக்கு

தள்ளி இருக்கும் மனையில் வீடு கட்டினால், அக்காவும் அவர் கணவரும் தினமும் பஸ்ஸில் வேலைக்கு வர வேண்டும்.

ஒருவருக்கு ஒரு தடவை டிக்கெட் 20 ரூபாய்.

போக வர 40 ரூபாய்.

இரண்டு பேருக்கு 80 ரூபாய்.

மாதம் 25 நாள் வேலை. 80 × 25 = 2,000 ரூபாய்.

ஆண்டுக்கு 2,000 × 12 = 24,000 ரூபாய்.

மனையில் மிச்சமாகும் பணம் 1,50,000 ரூபாய். ஆண்டுக்கு 24,000 வீதம் பஸ்ஸுக்குப் போனால் எத்தனை ஆண்டில் தீரும்? அக்கா நோட்டில் வகுத்துப் பார்த்தார். 6 ஆண்டு 3 மாதம்.

"அப்புறம்?" என்றார்.

"அப்புறமும் பஸ்ஸுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கணும். டிக்கெட் விலை ஏறினால் அதுவும் ஏறும்."

பணம் மட்டும் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். பிறகு பயணம். ஒரு தடவைக்கு 1 மணி நேரம் என்றால் நாளைக்கு 2 மணி நேரம். மாதம் 50 மணி நேரம். இது 6 நாள் வேலைக்குச் சமம். இந்த நேரத்துக்கு யாரும் கூலி தர மாட்டார்கள்.

அந்த ஊருக்குக் கடைசி பஸ் மாலை 6.30-க்கு. அக்கா இதை யோசித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்படின்னா நான் இந்த வகுப்புக்கு வர முடியாதே" என்றார்.

பஸ் போர்டைப் படிக்க அவர் கற்றுக்கொண்டு 4 மாதம்தான் ஆகிறது.

கடன் கணக்கு

அக்கா விடவில்லை. நல்ல கேள்வி ஒன்று கேட்டார்.

"பக்கத்து மனைக்கு இன்னும் ஒன்றரை லட்சம் கடன் வாங்கணும். வட்டி யார் கட்டுவது?"

நியாயமான கேள்வி. அதையும் கணக்குப் போட்டோம்.

கேரளத்தில் 1998 முதல் குடும்பஸ்ரீ அமைப்பு இருக்கிறது. பெண்கள் அக்கம்பக்கத்தாருடன் குழுவாகச் சேர்ந்து சேமிக்கிறார்கள். இந்தக் குழுவை அயல்கூட்டம் என்பார்கள். குழு வழியாக வங்கிக் கடன் வாங்கவும் வழி உண்டு. அக்காவும் ஒரு குழுவில் இருக்கிறார்.

நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை லட்சத்துக்கு முதல் மாத வட்டி 1,500 ரூபாய். பஸ்ஸுக்குக் கொடுக்க இருந்த 2,000 ரூபாயை இந்தக் கடனுக்குக் கட்டினால், 1,500 வட்டிக்குப் போகும். 500 அசலில் கழியும். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். இப்படியே கட்டினால் 12 ஆண்டுக்குள் கடன் தீர்ந்துவிடும்.

பஸ் செலவு 12 ஆண்டு ஆனாலும் தீராது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இது வங்கி வட்டிக்குப் போட்ட கணக்கு. தனியாரிடம் நூற்றுக்கு 3 ரூபாய் வட்டிக்கு வாங்கினால், மாத வட்டி மட்டும் 4,500 ரூபாய். அப்போது கணக்கு தலைகீழாகிவிடும். பக்கத்து மனை குடும்பத்தைக் கடனில் மூழ்கடித்துவிடும். ஆகவே கடன் யாரிடம், என்ன வட்டி என்று தெரிந்த பிறகுதான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். விலை குறைந்த மனை ஏன் குறைந்த விலைக்கு வருகிறது? கேரளத்தில் நெல்வயலையும் நீர்நிலையையும் காக்க 2008-ல் சட்டம் வந்தது. நெல்வயல் என்று பதிவான நிலத்தில் நினைத்தபடி வீடு கட்ட முடியாது. வாங்கும் முன் கிராம அலுவலகத்திலும் விவசாய அலுவலகத்திலும் கேட்டுப் பார்க்க வேண்டும். நிலத்தின் காகிதத்தை நாமே படித்துப் பார்க்க வேண்டும். படிப்பு இதற்கும்தான்.

செங்கலுக்கும் வண்டிச் சத்தம் உண்டு

மறுநாள் வகுப்புக்கு ஒரு மேஸ்திரி அண்ணனைக் கூப்பிட்டிருந்தோம். நாற்பது ஆண்டு அனுபவம் உள்ளவர்.

"நீங்க மனுஷங்க போகிற தூரத்தைக் கணக்குப் போட்டீங்க. பொருள் வருகிற தூரத்தைப் போட்டீங்களா?" என்று கேட்டார்.

யாரும் பதில் சொல்லவில்லை. அவர் விளக்கினார்.

செங்கல், சிமெண்ட், மணல், ஜல்லி, கம்பி எல்லாம் லாரியில் வருகின்றன. லாரி வாடகையும் டீசல் செலவும் பொருளின் விலையில் சேர்ந்துவிடுகின்றன. ஒரு செங்கல் ஏறத்தாழ 3 கிலோ எடை இருக்கும். 2,000 செங்கல் என்றால் 6 டன். தூரம் கூடக் கூட விலையும் கூடும். டீசல் புகையும் கூடும்.

காந்தியடிகள் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். கிராமத்து வீடுகளை 5 மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு கட்ட வேண்டும் என்பது அவர் கருத்து. 5 மைல் என்றால் 8 கிலோமீட்டர்.

இந்தக் கருத்தை வாழ்நாள் முழுவதும் செய்து காட்டியவர் லாரி பேக்கர்.

அவர் 1917-ல் இங்கிலாந்தில் பிறந்தார். கட்டடக் கலை படித்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பம்பாயில் காந்தியடிகளைச் சந்தித்தார். 1945-ல் இந்தியாவுக்கு வந்து தொழுநோயாளிகளுக்கான கட்டடங்களைக் கட்டினார். அவர் மனைவி கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர். இருவரும் இமயமலையில் பித்தோராகட் பக்கம் பல ஆண்டுகள் வாழ்ந்தார்கள். அங்கே கிராமத்து மக்கள் பக்கத்தில் கிடைத்த கல்லையும் மண்ணையும் மரத்தையும் கொண்டு உறுதியான வீடுகள் கட்டியிருந்தார்கள். படித்த கட்டடக் கலைஞர் பேக்கர், படிக்காத கிராமத்து மக்களிடம் பாடம் கற்றார்.

1963-ல் கேரளத்துக்கு வந்தார். பிறகு திருவனந்தபுரத்தில் குடியேறினார். ஏழைகளுக்கும் நடுத்தரக் குடும்பங்களுக்கும் குறைந்த செலவில் வீடுகள் கட்டினார். இந்தியக் குடிமகன் ஆனார். 1990-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2007-ல் காலமானார்.

திருவனந்தபுரம் பஸ் நிலையத்தின் பக்கத்தில் ஒரு சிவப்புக் கட்டடம் உண்டு. நத்தை ஓடு போலச் சுற்றிச் சுற்றி ஏறும். அது இந்தியன் காபி ஹவுஸ். பேக்கர் கட்டியது. அங்கே போனால் உள்ளே போய் ஒரு காபி குடித்துப் பாருங்கள். சுவரில் உள்ள துளைகள் வழியாகக் காற்று வரும்.

எலிப்பொறிக் கட்டு

பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய ஒரு முறைக்கு எலிப்பொறிக் கட்டு என்று பெயர். 'ராட் டிராப்' என்று மேஸ்திரிகள் சொல்வார்கள்.

வழக்கமாகச் செங்கலைப் படுக்க வைத்துச் சுவர் கட்டுவோம். இந்த முறையில் செங்கலைப் பக்கவாட்டில் நிறுத்தி வைப்பார்கள். வெளிப்பக்கம் ஒரு செங்கல். உள்பக்கம் ஒரு செங்கல். நடுவில் 3 அங்குல இடைவெளி. சுவரின் தடிமன் அதே 9 அங்குலம்தான்.

இதனால் என்ன லாபம்?

4 செங்கல் தேவைப்படும் இடத்தில் ஏறத்தாழ 3 செங்கல் போதும். கலவையும் குறையும். நடுவில் உள்ள காற்று வெயிலின் சூட்டை எளிதில் உள்ளே விடாது. நல்ல செங்கலாக இருந்தால் வெளிப்பூச்சும் தேவை இல்லை.

அக்கா உடனே நோட்டை எடுத்தார்.

8,000 செங்கல் வேண்டிய வீட்டுக்கு 6,000 போதும். மிச்சம் 2,000 செங்கல். ஒரு செங்கல் 10 ரூபாய் என்றால் 20,000 ரூபாய் மிச்சம். 6 டன் சுமையை லாரி சுமக்க வேண்டியதில்லை. அந்த 2,000 செங்கலைச் சுட விறகும் தேவை இல்லை.

"எல்லாரும் ஏன் இப்படிக் கட்டுவதில்லை?" என்று ஒரு பாட்டி கேட்டார்.

மேஸ்திரி அண்ணன் சிரித்தார். "கட்டத் தெரிந்தவன் வேணும் பாட்டி. செங்கல் ஒரே அளவா இருக்கணும். தண்ணிக் குழாயும் கரெண்டு வயரும் எங்கே போகணும்னு முதல்லயே முடிவு செய்யணும். பிறகு சுவரை உடைக்கக் கூடாது. இன்னொரு காரணமும் இருக்கு. பூசாத வீட்டைப் பார்த்தா, காசில்லாம பாதியில விட்டுட்டாங்கன்னு ஊரு பேசும்."

மண் வீட்டைப் பற்றியும் பேச்சு வந்தது. மண் சுவர் நல்லதுதான். பக்கத்திலேயே மண் கிடைக்கும். வீட்டுக்குள் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் தண்ணீர் அதற்கு எதிரி. கூரை சுவரைத் தாண்டி வெளியே நீண்டு இருக்க வேண்டும். அடித்தளம் கல்லால் உயரமாக இருக்க வேண்டும். வெள்ளம் தேங்கும் இடத்தில் மண் சுவர் வேண்டாம். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் வந்த பெரு வெள்ளத்தை நாம் மறக்க முடியுமா? முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும். பிறகுதான் பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆறு கொடுத்த மணல்

"பக்கத்தில் கிடைக்கும் பொருள் என்றால் ஆற்று மணல் பக்கத்தில்தானே இருக்கிறது?" என்று ஒரு தம்பி கேட்டார்.

எங்கள் சித்தூர் ஆறு பாரதப்புழையில் சேர்கிறது. பாரதப்புழையில் பல ஆண்டுகள் லாரி லாரியாக மணல் அள்ளினார்கள். மணல் தண்ணீரைப் பிடித்து வைக்கும். மணல் போனால் ஆற்றின் அடிமட்டம் இறங்கும். கரையோரக் கிணறுகளில் தண்ணீரும் இறங்கும். அளவில்லாமல் மணல் அள்ளுவதைத் தடுக்கக் கேரளம் 2001-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது.

ஆகவே பக்கத்தில் இருப்பது மட்டும் போதாது. எடுக்கிற அளவும் முக்கியம்.

கிணற்றை நினைத்துப் பாருங்கள். ஊறும் அளவுக்கு இறைத்தால் நாளைக்கும் தண்ணீர் இருக்கும். ஒரே நாளில் வற்ற இறைத்தால் நாளைக்கு இருக்காது. மண், மணல், மரம், டீசல் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். நமக்கும் வேண்டும், நம் பேரக் குழந்தைகளுக்கும் மிச்சம் இருக்க வேண்டும். இதற்குத்தான் நீடித்த வளர்ச்சி என்று பெயர்.

வேலை இருக்கும் இடத்தில் வீடு

ஏழைகளுக்கு வீடு கட்டித் தரும்போது அரசும் தூரத்தை மறக்கக் கூடாது.

திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் பூந்துறை என்ற மீனவர் கிராமம் இருக்கிறது. 1970-களில் பேக்கர் அங்கே வீடுகள் கட்டினார். மீனவருக்குக் கடல்தான் வேலை செய்யும் இடம். படகும் வலையும் கண் பார்வையில் இருக்க வேண்டும். அதனால் கடற்கரையிலேயே கட்டினார். வீடுகளை நேர் வரிசையாக வைக்கவில்லை. ஒன்றைக் கொஞ்சம் முன்னே, ஒன்றைக் கொஞ்சம் பின்னே தள்ளி வைத்தார். அதனால் எல்லா வீட்டுக்கும் கடல் காற்று கிடைத்தது.

1985-ல் காஸ்ட்ஃபோர்ட் என்ற அமைப்பு தொடங்கியது. முன்னாள் முதலமைச்சர் அச்சுத மேனன், பொருளாதார அறிஞர் கே.என். ராஜ், லாரி பேக்கர் ஆகியோர் அதில் இருந்தார்கள். திருவனந்தபுரம் நகரின் நடுவில் கரிமடம் என்ற குடிசைப் பகுதி இருந்தது. அந்த மக்களை ஊருக்கு வெளியே அனுப்பவில்லை. அதே இடத்தில் மாடி வீடுகள் கட்ட காஸ்ட்ஃபோர்ட் திட்டம் போட்டது. அங்கே இருந்து சந்தைக்கும் கடைத்தெருவுக்கும் நடந்தே போகலாம். வீடு மாறினாலும் வேலை போகவில்லை.

நாட்டில் பல நகரங்களில் வேறு மாதிரி நடந்திருக்கிறது. குடிசையில் இருந்தவர்களுக்கு 20, 25 கிலோமீட்டர் தள்ளி வீடு கொடுத்தார்கள். புதிய சுவர் கிடைத்தது. பழைய வேலை போயிற்று. வீட்டு வேலைக்குப் போன பெண்கள் பஸ் இல்லாமல் வேலையை விட்டார்கள்.

போகிற வழி

எல்லோருக்கும் வேலைக்குப் பக்கத்திலேயே வீடு கிடைக்குமா? கிடைக்காது. அப்படியானால் போகிற வழி நல்லதாக இருக்க வேண்டும்.

ஒரு பஸ்ஸில் 50 பேர் போகலாம். அந்த 50 பேரும் ஸ்கூட்டரில் தனித்தனியாகப் போனால் 50 வண்டி வேண்டும். எது மலிவு? எது குறைந்த புகை? சிறுவருக்கும் தெரியும். ஆனால் பஸ் நேரத்துக்கு வந்தால்தான் மக்கள் அதில் ஏறுவார்கள். வராவிட்டால் கடன் வாங்கியாவது ஸ்கூட்டர் வாங்குவார்கள்.

கேரளத்தில் தண்ணீரும் ஒரு சாலைதான். வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் நடுவில் வேம்பநாட்டுக் காயல் இருக்கிறது. அங்கே 2017 ஜனவரியில் 'ஆதித்யா' என்ற படகு ஓடத் தொடங்கியது. 75 பேர் ஏறலாம். கூரையில் சூரிய ஒளியில் மின்சாரம் எடுக்கும் தகடுகள் இருக்கின்றன. இந்தியாவில் மக்களை ஏற்றிச் செல்லும் முதல் சூரிய மின் படகு இதுதான். டீசல் நாற்றம் இல்லை. காயலில் எண்ணெய் சிந்துவதும் இல்லை. 2023 ஏப்ரலில் கொச்சியில் 'வாட்டர் மெட்ரோ' வந்தது. மின்சாரத்தை முக்கியமாகக் கொண்டு ஓடும் படகுகள் தீவுகளையும் நகரத்தையும் இணைக்கின்றன.

நம் ஊருக்குப் படகு தேவை இல்லை. மாலை 6.30-க்குப் பிறகு ஒரு பஸ் தேவை. அதைக் கேட்க மனு எழுதத் தெரிய வேண்டும். கிராம சபையில் எழுந்து பேச வேண்டும். எங்கள் வகுப்பில் அந்த மனுவை எழுதினோம். 31 பேர் கையெழுத்துப் போட்டார்கள். யாரும் கைநாட்டு வைக்கவில்லை. பஸ் இன்னும் வரவில்லை. மறுபடியும் எழுதுவோம்.

அக்காவின் முடிவு

அக்கா இரண்டு வாரம் யோசித்தார். நிலத்தின் காகிதங்களைப் பார்த்தார். குழுவில் பேசினார். வங்கிக் கடன் கிடைத்தது. பக்கத்து மனையை வாங்கினார்.

வீட்டைச் சிறியதாகக் கட்டப் போகிறார். எலிப்பொறிக் கட்டுச் சுவர். வெளிப்பூச்சு இல்லை. இப்போது அஸ்திவாரம் தோண்டியாகிவிட்டது. வந்த செங்கலை எண்ணி, பில்லோடு ஒத்துப்பார்த்து, நோட்டில் எழுதி வைக்கிறார்.

"பூசாத வீடா கட்டப் போறே?" என்று பக்கத்து வீட்டு அம்மா கேட்டாராம்.

"பூசற காசுலதான் அத்தை, மனைக்குக் கடன் கட்டறேன்" என்றாராம் அக்கா.

கடன் தீர இன்னும் பல ஆண்டு ஆகும். அது அவருக்குத் தெரியும். அன்று மாலை 7 மணிக்கு வழக்கம் போல வகுப்புக்கு வந்தார். கையில் மண் ஒட்டியிருந்தது.

நினைவில் வையுங்கள்

1. மனை விலையோடு பஸ் செலவையும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.
2. கடன் வாங்கும் முன் வட்டி எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள்.
3. நிலத்தின் காகிதத்தைப் படித்துப் பாருங்கள். அலுவலகத்தில் கேளுங்கள்.
4. வீட்டுக்கான பொருள் எங்கிருந்து வருகிறது என்று விசாரியுங்கள்.
5. தூரத்தில் இருக்கும் மனை எப்போதும் கெட்டது இல்லை. அங்கே வேலை, பள்ளி, மருத்துவமனை, பஸ் இருந்தால் அதுவே நல்ல மனையாக இருக்கலாம்.

பயிற்சி

அ. விடை எழுதுங்கள்.
1. அக்காவின் குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு பஸ் செலவு ஆகியிருக்கும்?
2. லாரி பேக்கர் இமயமலையில் யாரிடம் பாடம் கற்றார்?
3. ஆற்றில் மணல் போனால் கிணற்றுக்கு என்ன ஆகும்?

ஆ. கணக்குப் போடுங்கள்.
உங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போக வர ஒரு நாள் செலவு எவ்வளவு? ஒரு மாதத்துக்கு எவ்வளவு? ஓர் ஆண்டுக்கு எவ்வளவு?

இ. கூடிப் பேசுங்கள்.
உங்கள் ஊரில் 8 கிலோமீட்டருக்குள் வீடு கட்ட என்னென்ன பொருள் கிடைக்கும்? ஊரில் மூத்த மேஸ்திரி ஒருவரைக் கேட்டுப் பட்டியல் எழுதுங்கள்.

ஈ. மனு எழுதுங்கள்.
உங்கள் ஊருக்குத் தேவையான பஸ் எது? எந்த நேரத்துக்கு? யாருக்குப் பயன்படும்? ஐந்து வரியில் எழுதி, அடுத்த கிராம சபையில் கொடுங்கள்.